இலையில் சுற்றிய முதல் வாய்

இல்லம்மா, வேணாம். நீங்க சாப்பிடுங்க. முறுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் இன்னைக்கு எதையும் கையால தொட்டுத் திங்கிறதா இல்ல. இட்லிக்கு ஸ்பூன் வச்சிருக்கேன். கொரியாவுல பத்து நாள் ஸ்பூனும் குச்சியுமாவே போச்சா, அப்படியே இருந்துட்டுப் போகட்டும். இந்தத் தண்ணி பாட்டில் மூடியை மட்டும் கொஞ்சம் திருகிக் குடுங்க. புண்ணியமாப் போகும்.

ஆமா, கொரியாதான். நேத்துக் காலையில அங்க கிளம்பி, நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறி, இன்னைக்கு விடியும்போது மெட்ராஸ். அங்கருந்து நேரா எழும்பூர், எழும்பூர்லருந்து இந்த ரயிலு. இன்னும் குளிக்கக்கூட இல்ல. இந்திராணி சிஸ்டர் குளிக்காம ஒரு நாள் இருந்தான்னு விருதுநகர்ல போயிச் சொல்லிப் பாருங்க, ஒருத்தரும் நம்ப மாட்டாக.

இப்ப இட்லிப் பொட்டலத்தைக் குடுத்துட்டுப் போனாளே, மஞ்சச் சேலை, அவதான் செண்பகம். என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. 'அக்கா, கையக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போறா, கேட்டீகளா? என்கிட்ட. முப்பத்தி நாலு வருஷம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தவகிட்ட. ஊருக்கே கை கழுவச் சொல்லிக் குடுத்தவ நான்.

எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு வேற வேற பெட்டியில விழுந்துருச்சு. 'யாருகிட்டயாச்சும் கேட்டு மாத்திக்கிருவோமாக்கா'ன்னா. இருக்கட்டும், இருக்கட்டும்னுட்டேன். பத்து நாளா அந்த மூஞ்சியவே பாத்தாச்சு. கொஞ்ச நேரம் வேற மூஞ்சியப் பாப்போம்.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நீங்க திருச்சியில இறங்கிப் போயிருவீக. எங்க தெருவுல வாயத் தொறந்தா அது சுத்திச் சுத்தி அவ காதுக்கே வந்து சேரும்.

எனக்கு ஒரே பையன். தினகரன். பூசான்னு ஒரு ஊரு, கடலோரம். அங்க கப்பல் கட்டுற கம்பெனியில இஞ்சினியரு. போயி அஞ்சு வருஷமாச்சு. அவுக அப்பா இருக்கும்போதே கூப்பிட்டான், அவருக்குக் குடுத்து வைக்கல. இந்த வருஷம் ஃபோன்ல சொல்றான், 'அம்மா, நான் லீவு போடுறேன், நீங்க வாங்க, ஊரைச் சுத்திக் காட்டுறேன், அங்கங்க சாப்பிட்டுக்கிட்டே சுத்துவோம்'னு. எனக்கு நெஞ்செல்லாம் குளுந்து போச்சு. அந்தச் சந்தோசம் ஒரு நிமிசம் இருந்திருக்கும். அடுத்தாப்ல சொல்றான், 'சித்தியையும் கூட்டிட்டு வந்துருங்கம்மா, சித்தி இல்லாம எப்படி'ன்னு.

சித்தி இல்லாம எப்படின்னா என்ன அர்த்தம்? நீங்க சொல்லுங்க. அவளுக்குச் சொந்தமா ரெண்டு பொண்ணு இருக்கு. ஒருத்தி திருப்பூர்ல, ஒருத்தி சாத்தூர்ல. அதுக கூட்டிட்டுப் போகட்டும் எங்கிட்டு வேணும்னாலும். என் பையன் எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? கேட்டா, எனக்குத் துணையாம். நைட் டூட்டிக்குத் தனியா நடந்து போயித் தனியா நடந்து வந்தவளுக்கு இப்பத் துணை.

சரிப்பான்னுட்டேன். நான் எப்பவுமே பெரிய மனசுக்காரி. பாஸ்போர்ட்டுக்குக்கூட நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போனேன். போட்டோல சிரிக்கக் கூடாதும்மான்னு அந்த ஆபீஸ்ல மூணு தடவ சொன்னாக. மூணு தடவையும் சிரிச்சா. அவளுக்கு வாயை மூட வராது. அதுதான் இந்தக் கதையே, கேளுங்க.

போன மறுநாளே ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனான். மாடு, பன்னி எங்களுக்கு ஆகாதுன்னு, கோழி மட்டும் போடுற கடையாத் தேடி வச்சிருந்தான். செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போகணும். எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு. நம்ம ஊரு மாதிரி தரையிலதான் உக்காரணும். முன்னாடி குட்டை மேசை, மேசை நடுவுல அடுப்பு. உக்காந்ததும் கை துடைக்க ஈரத்துணியைச் சுருட்டிக் குடுத்தாக. நான் ரெண்டு கையையும் துடைச்சுட்டு, அது பத்தாம, பையிலருந்து என் மருந்து பாட்டிலை எடுத்து அதையும் தேச்சுக்கிட்டேன். தினாவுக்கும் ஊத்துனேன். செண்பகத்துக்கு நீட்டுறதுக்குள்ள அவ ஒரு கிண்ணத்துல விரலை விட்டு என்னத்தையோ எடுத்துத் தின்னுட்டா.

கிண்ணம்னா ஒண்ணு ரெண்டு இல்லம்மா. பத்துப் பன்னெண்டு வைப்பாக, எல்லாம் தொட்டுக்க. முட்டைக்கோசை ஊறவச்சுப் புளிக்க வச்சது, முள்ளங்கி, கீரை, பொடி மீனு, என்னென்னமோ. அடுப்புல கோழி. காரத்துல புரட்டுன கோழியைப் பெரிய பெரிய துண்டாப் போட்டு, வேகும்போதே கடைக்காரம்மா வந்து கத்தரிக்கோலால வெட்டுது. எனக்கு வார்டு ஞாபகந்தான் வந்துச்சு. கட்டுப் பிரிக்கிற கத்தரி அதே சைசு. 'இதைக் கொதிக்க வச்சுக் கழுவுவாகளாடா'ன்னு கேட்டேன். 'அது அடுப்புலயேதானம்மா இருக்கு'ன்னான். செண்பகம் சிரிக்கிறா. என்ன சிரிப்பு இருக்கு அதுல?

அங்க ஒரு வழக்கம். தட்டு நிறைய இலை வைப்பாக. முட்டைக்கோஸ் மாதிரியே மெல்லிசா ஒண்ணு, எள்ளுச்செடி இலை மாதிரி வாசமா ஒண்ணு. இலையை உள்ளங்கையில விரிச்சு, சோறு கொஞ்சம், கோழி ஒரு துண்டு, சிவப்பா ஒரு தொக்கு, பச்சைப் பூண்டு ஒரு சில்லு, பச்சமிளகா ஒரு சில்லு. மடிச்சு உருட்டி முழுசா ஒரே வாயில போட்டுரணும். கடிச்சுக் கடிச்சுத் திங்கக் கூடாதாம். யாரு மேல பிரியமோ அவுகளுக்கு ஒரு உருண்டையைச் செஞ்சு வாயிலயே ஊட்டி விடுவாகளாம். இதைச் சொன்னது யாரு? தினாதான். சொல்லிக்கிட்டே செய்யுறான்.

நான் எதிர்ல உக்காந்து பாக்குறேன். இலையை எடுத்தான். சோறு வச்சான். கோழியில நல்ல துண்டாப் பொறுக்கி வச்சான். மடிச்சான். கையை நீட்டினான். செண்பகத்துப் பக்கம்.

'சித்தி, ஆ காட்டுங்க.'

காட்டிட்டா. என்ன ஏதுன்னு ஒரு கேள்வி இல்ல. உள்ள என்ன இருக்குன்னு பாக்கல. குகை மாதிரி வாயைத் தொறந்துட்டா. கன்னம் ரெண்டும் உப்பிப்போயி, காரத்துல கண்ணுல தண்ணி வந்து, மெல்லவும் முடியாம முழுங்கவும் முடியாம, கையை ஆட்டி ஆட்டி நல்லாருக்கு நல்லாருக்குங்கிறா.

முத உருண்டைம்மா. முத உருண்டை.

அடுத்தது எனக்குச் செஞ்சான், இல்லேங்கல. செஞ்சு என் தட்டுல வச்சான். வாயில ஊட்டல. 'நீங்க பிரிச்சுப் பாத்துட்டுத்தானம்மா சாப்பிடுவீங்க'ன்னான். பிரிச்சுத்தான் பாத்தேன். பாக்காமத் திங்க முடியுமா? கோழி எலும்பு தொண்டையில சிக்கி வந்த பிள்ளைக எத்தனைக்கு நான் டார்ச்சு பிடிச்சிருக்கேன் தெரியுமா? பூண்டை எடுத்து ஓரமா வச்சேன். மிளகாயை எடுத்து வச்சேன். இலையில மண்ணு இருக்கான்னு பாத்தேன். இல்ல. அப்புறம் தனித்தனியாச் சாப்பிட்டேன். ருசி ஒண்ணும் தெரியல. செண்பகம் என்னமோ அமிர்தத்தைத் தின்ன மாதிரி ஆடுனா.

அதோட விட்டுச்சா? கடைக்காரம்மா வந்துச்சு. எங்க வயசுதான் இருக்கும், சுருட்டை முடி, பூப்போட்ட சட்டை. எங்க ரெண்டு பேரையும் காட்டித் தினாகிட்ட என்னமோ கேட்டுச்சு. அவன் என்னமோ சொன்னான். தலையை ஆட்டிக்கிட்டே போயி, ஒரு கருப்புச் சட்டியில முட்டையைப் பொங்கப் பொங்க வேகவச்சுக் கொண்டாந்து வச்சுச்சு. நாங்க கேக்காத சாமான். சும்மா, பிரியத்துக்கு. எங்க வச்சுச்சுங்கிறீக? செண்பகத்துக்கு முன்னாடி.

'என்னடா கேட்டுச்சு?'ன்னேன்.

'இதுல யாரு உங்க அம்மான்னு கேட்டாங்கம்மா.'

'நீ என்ன சொன்ன?'

'ரெண்டு பேரும்னு சொன்னேன்.'

ரெண்டு பேரும். பிரசவ வார்டுல பதினோரு வருஷம் இருந்திருக்கேன். எத்தனையோ கேஸ் பாத்தாச்சு. ஒரு பிள்ளையை ரெண்டு பேரு பெத்து நான் பாக்கல.

முட்டை அதுபாட்டுக்கு அவ முன்னாடி பொங்கிக்கிட்டு இருக்கு. 'அக்கா, நீங்க முதல்ல எடுங்க'ன்னு நகட்டி வைக்கிறா. அவளுக்கு வந்ததை எனக்கு நகட்டுறாளாம். வேணாம், எனக்கு வாயுன்னுட்டேன்.

நான் வேலைக்குப் போயிட்டேன், அவதான் பிள்ளையை வளத்தாங்கிறது எங்க தெருப்பேச்சு. பேசுறவுக வாயை மூடவா முடியும்? நடந்ததைச் சொல்றேன் கேளுங்க. பகல் டூட்டின்னா ரெண்டரை மணிக்கு வீட்டுக்கு வருவேன். வாசல்லயே நிப்பான். நாலு வயசு. அவ சோறு பிசைஞ்சு வச்சிருப்பா, இவன் அதுல ஒரு உருண்டையைக் கையில எடுத்துக்கிட்டு ஓடியாருவான். 'அம்மா, ஆ'ம்பான். நான் வார்டுலருந்து வர்ற உடம்பு. காசநோய், மஞ்சக்காமாலை எல்லாத்தையும் தொட்டுட்டு வந்திருப்பேன். கிட்ட வராதே, தொடாதேன்னு அப்படியே சுத்திக் கொல்லப்பக்கம் போயிருவேன். டெட்டால் ஊத்திக் குளிச்சு, சேலையை வெந்நியில முக்கிட்டுத்தான் வெளிய வருவேன்.

வந்து, 'கை கழுவுனயா?'ன்னு கேப்பேன். 'கழுவிட்டேம்மா'ம்பான். நான் நம்பிருவேனா? கையைப் பிடிச்சு மோந்து பாப்பேன். சோப்பு வாசமே இருக்காது. போ, மறுபடியும் கழுவிட்டு வாம்பேன். ஏழு விதமாத் தேக்கணும்மா கையை. உள்ளங்கை, புறங்கை, விரலு இடுக்கு, விரலு முட்டி, கட்டைவிரலு, நகக்கண்ணு, மணிக்கட்டு. நாலு வயசுலயே அவனுக்கு ஏழும் மனப்பாடம். கழுவிட்டு வர்றதுக்குள்ள அந்த உருண்டை என்ன ஆகியிருக்கும்? போற வழியில அவ வாயில குடுத்திருப்பான். அவளும் வாங்கித் தின்னிருப்பா. எச்சில், அழுக்கு, எல்லாத்தோடயும். எனக்கு வந்த உருண்டைம்மா அது. அன்னைக்கே தட்டிப் பறிச்சவ அவ.

ஒண்ணு சொல்றேன். என் பிள்ளைக்கு ஒரு நாளு வயித்தால போனது கிடையாது. அவ பொண்ணுக ரெண்டும் வருஷம் தவறாம வாந்தி பேதின்னு வந்து படுக்கும். ராத்திரி பகலாக் கூட இருந்து ட்ரிப்ஸ் போட்டது யாரு? நான்தான். 'அக்கா இல்லேன்னா என் பிள்ளைக இல்ல'ன்னு இன்னைக்கும் சொல்லுவா. சொல்லிக்கிட்டே என் பிள்ளையை வச்சுக்குவா.

சரி, கொரியாவுக்கு வருவோம்.

நாலாம் நாளு வேற ஒரு கடை. சூப்பும் சோறும், அதே மாதிரி பத்துக் கிண்ணம் தொட்டுக்க. நான் எதையும் மிச்சம் வைக்க மாட்டேன். வச்சதைத் தின்னுட்டு எந்திரிக்கணும், அதுதான் மரியாதை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கிண்ணமாக் காலி பண்ணுறேன். காலி பண்ணக் காலி பண்ண அந்தப் பொண்ணு கொண்டாந்து ரொப்புது. எனக்கு வேர்த்துருச்சு. முள்ளங்கி மூணாவது தடவ வந்துருச்சு. தினா ஃபோன் பேச வெளிய போயிருந்தான். செண்பகம் என்ன செஞ்சா தெரியுமா? பந்தியில இலைக்கு மேல கையைக் குடை மாதிரி மூடுவோம்ல, போதும்னு? அப்படி என் கிண்ணத்துக்கு மேல கையை மூடி, அந்தப் பொண்ணைப் பாத்துத் தலையை ஆட்டிச் சிரிச்சா. அதுவும் சிரிச்சுட்டுப் போயிருச்சு. அம்புட்டுதான் விசயம்.

எனக்குத் தோணாதா அது? தோணியிருக்கும். அவ முந்திக்கிட்டா. எல்லாத்துலயும் முந்திக்கிருவா. தினா வந்ததும் 'சித்தி கில்லாடி'ன்னு தோளைத் தட்டுறான். மூணு கிண்ணம் முள்ளங்கி தின்னவ நான் இங்க உக்காந்திருக்கேன்.

எனக்கு வயித்தெரிச்சல்தான். காரத்தாலன்னு அவன்கிட்ட சொன்னேன், மாத்திரை போட்டுக்கிட்டேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? பொறாமைதான். அறுபத்தி மூணு வயசுல ஓரகத்தி வாயில போன சோத்து உருண்டையைப் பாத்துப் பொறாமைப்படுறேன். படுத்தா அதுதான் கண்ணுக்குள்ள வருது. அவ கன்னம் உப்புனது, அவன் அதைப் பாத்துச் சிரிச்சது. அப்படி அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்கிட்ட அவன் நல்லாத்தான் பேசுவான். 'சரிம்மா', 'ஆச்சும்மா', 'கழுவிட்டேம்மா'. மேலதிகாரிகிட்டப் பேசுற மாதிரி.

அப்புறந்தான் சொன்னான், கடைசி நாளு திரும்ப அந்தக் கோழிக்கடைக்கே போவோம்னு. நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவ முத உருண்டை எனக்குத்தான். வாயத் தொறந்து கேக்க மாட்டேன். கேட்டு வாங்குறதுல என்ன இருக்கு? ஆனா அவன் நீட்டினா வாயில வாங்கணும். அதுக்குத் தயாராகணும்ல?

சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன். அவன் வீட்டுக் குளியலறையில பெரிய கண்ணாடி. காலையில கதவைச் சாத்திக்கிட்டு அது முன்னாடி நின்னு வாயைத் தொறந்து தொறந்து பழகுனேன். வாயைத் தொறக்குறது கஷ்டமில்ல. இந்தக் கைதான். வாயைத் தொறந்தா இது தன்னால மேல வருது. தீர்த்தம் வாங்குற மாதிரி. அடக்க முடியல. முந்தானையைப் பின்னால கொண்டுபோயி ரெண்டு மணிக்கட்டையும் சேத்துச் சுத்திக்கிட்டு நின்னு பாத்தேன். அப்பச் சரியா வந்துச்சு. மூணு நாளு பழகுனேன். 'அக்கா, வயிறு சரியில்லயா?'ன்னு வெளியருந்து கேக்குறா. இல்ல, பல்லு விளக்குறேன்னேன்.

கடைசி நாளு வந்துச்சு. அதே கடை. இந்தத் தடவ நான் முந்திக்கிட்டேன். தினா பக்கத்துல போயி உக்காந்துட்டேன். செண்பகம் எதிர்ல. கை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சு, மேல நல்லா அமுத்தி உக்காந்துக்கிட்டேன்.

'கால் வலிக்குதாம்மா?'ன்னான்.

'இல்லப்பா, குளுருது.'

கோழி வெந்துச்சு. அந்தம்மா வெட்டிக் குடுத்துச்சு. தினா இலையை எடுத்தான். சோறு வச்சான், கோழி வச்சான், எலும்பு இருக்கான்னு அமுக்கிப் பாத்தான். பூண்டு வைக்கல. மிளகா வைக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது எனக்குன்னு. மடிச்சான். திரும்புனான். என் மூஞ்சியவே பாக்குறான். கையை நீட்டிக்கிட்டு, பாதியிலயே நிறுத்திக்கிட்டு, மெதுவாச் சொல்றான், 'அம்மா, ஆ.'

தொறந்துட்டேன்மா. சத்தியமாத் தொறந்துட்டேன்.

கை வந்துருச்சு. தொடைக்கு அடியிலருந்து எப்படி வந்துச்சுன்னு தெரியல. அவன் கைக்கும் என் வாய்க்கும் நடுவுல, உள்ளங்கையைக் குழிச்சு நீட்டிக்கிட்டு நிக்குது. என் கைதான், ஆனா நான் நீட்டல.

அவன் உருண்டையை என் உள்ளங்கையில வச்சான். 'பரவால்லம்மா, பிரிச்சுப் பாத்துச் சாப்பிடுங்க'ன்னான். இந்தக் கை என்ன செஞ்சுச்சு தெரியுமா? பிரிச்சுருச்சு. பூண்டே இல்லாத உருண்டையில பூண்டைத் தேடுது.

அவன் ஒரு நிமிசம் பொறுத்திருக்கலாம். கையை இறக்கியிருப்பேன். எப்பவுமே அவனுக்கு அவசரம், அவுக அப்பா மாதிரி.

அடுத்தது அவளுக்குச் செஞ்சான். பூண்டு, மிளகா எல்லாம் வச்சு. நீட்டினான். நான் கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டேன், அந்தக் கன்னம் உப்புறதைப் பாக்கக் கூடாதுன்னு. ஆனா சத்தத்தையே காணோம். திரும்பிப் பாக்குறேன். செண்பகம் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. உள்ளங்கையைக் குழிச்சு, என்னை மாதிரியே. 'எனக்கும் கையிலயே குடுப்பா'ங்கிறா. வாங்கி, தட்டுல வச்சு, பிரிச்சு, பூண்டை எடுத்து ஓரமா வச்சா. அவளுக்குப் பூண்டுன்னா உசுரு. பச்சையாவே கடிச்சுத் திம்பா.

பாருங்க அந்த நக்கலை. என்னைப் பாத்து, என்னை மாதிரியே செஞ்சு காட்டுறா, என் பையன் முன்னாடியே. அப்புறம் அந்தச் சாப்பாடு முடியுற வரைக்கும் அவ வாயில வாங்கவே இல்ல. அவன் நீட்ட நீட்ட, கையிலயே வாங்குனா. என்ன திமிரு இருக்கணும்?

தினா அவளை ஒரு பார்வை பாத்தான். அப்புறம் குனிஞ்சு சாப்பிட்டான். அன்னைக்கு அவன் சிரிக்கவே இல்ல. அவதான் கெடுத்தா.

நேத்துக் காலையில ஏர்போர்ட்டு. அவன் உள்ள வர முடியாது, கண்ணாடிக் கதவுகிட்ட நின்னாச்சு. செண்பகம் கண்ணைக் கசக்கிக்கிட்டே முன்னாடி போனா. அவளை அப்படியே கட்டிக்கிட்டான். அவ தலையில கன்னத்தை வச்சுக்கிட்டு நிக்கிறான். காலையில ரொட்டி தின்ன கையி, அப்படியே அவ சேலையில. அவளுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல.

அடுத்து நான். என்கிட்ட வந்தான். வந்தவன் ரெண்டடி தள்ளி நின்னுட்டான். அப்படியே திரும்பிப் போறான். பாத்தா, அங்க ஒரு தூணுல கை துடைக்கிற மருந்து வச்சிருந்துச்சு. அதுல ரெண்டு அமுக்கு அமுக்கி, அங்கயே நின்னு தேக்கிறான். உள்ளங்கை, புறங்கை, விரலு இடுக்கு, விரலு முட்டி. ஒண்ணு விடல. கட்டைவிரலு, நகக்கண்ணு, மணிக்கட்டு. ஏழும். பிளேனுக்கு நேரமாச்சுன்னு செண்பகம் கூப்பிடுறா, அவன் அவசரப்படவே இல்ல. கையைக் காத்துல ஆட்டிக் காய வச்சுக்கிட்டே வந்து, என் முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுறான். முப்பத்தி மூணு வயசுப் பையன்.

'கழுவிட்டேம்மா.'

நான் மோந்து பாக்கல. அவன் பொறந்ததுலருந்து அதுதான் முதத் தடவ, மோந்து பாக்காம விட்டது. என் வலது கையை அவன் ரெண்டு கைக்குள்ளயும் வச்சுக்கிட்டான். கொஞ்ச நேரம். அப்புறம் போயிட்டு வாங்கம்மான்னான்.

இப்பச் சொல்லுங்க. எனக்கு மட்டுந்தானே கழுவுனான்? அவளுக்குக் கழுவலையே. யாரை அவன் பெருசா வச்சிருக்கான்? பிளேன்ல அவகிட்டயே கேக்கணும்னு இருந்துச்சு, பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்.

ஏம்மா, திங்கலையா? முறுக்கு அப்படியே கையில இருக்கு. ஏதாச்சும் சொல்லுங்க.

அவளுக்கு ஏன் கழுவலைன்னா யோசிக்கிறீக? நானும் அதைத்தான் நேத்துலருந்து யோசிச்சுக்கிட்டே வாரேன். வேற எதுவும் ஓட மாட்டேங்குது.

அந்தா வாரா பாருங்க, மஞ்சச் சேலை. இட்லியைத் தின்னேனான்னு பாக்க வாரா. நான் சொன்னதை எல்லாம் முகத்துல காட்டிக்காதீக. வந்ததும் திரும்பக் கை கழுவத்தான் சொல்லுவா. சொல்லட்டும். ஸ்பூனை இடது கையில பிடிச்சுக்கூடத் தின்னுக்கிருவேன். இந்த வலது கையில நேத்துலருந்து நான் தண்ணியே பட விடல.